மொட்டைக் கடிதமும் நீதித் தராசும்

மொட்டைக் கடிதம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம்மவர் முகம் சுளிப்பர். அஃது நியாயமே. கைச்சாத்து இல்லாத ஒரு தாளினால் நின்றுபோன கலியாணப் பேச்சுக்கள் உண்டு. காரணமின்றி இடமாற்றம் பெற்ற ஆசிரியர்கள் உண்டு. ஒரு பாவமும் அறியாது விசாரணைக்கு இழுக்கப்பட்ட உத்தியோகத்தர்களும் உண்டு. கந்தோர்களிலே ‘பெட்டிசம்’ என வழங்கும் இக்கடுதாசியை எழுதுகிறவன், இருட்டில் நின்று கல்லெறிந்துவிட்டு விடிந்ததும் காயம்பட்டவனிடம் வந்து சுகம் விசாரிக்கிறவன். அவனைப் பிடித்துச் சபையிலே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதனை மறுப்பார் இலர்.

ஆயினும், பெயரிடாது எழுதப்படுபவை யாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. களஞ்சியசாலையில் நடக்கும் களவை மேலிடத்துக்கு அறிவிக்கும் எழுதுவினைஞரும், நோயாளருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு மனம் பொறாத தாதியும், முதலாளியின் கணக்கிலுள்ள கோளாறைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியும் தத்தம் பெயரை மறைத்தே எழுதுகின்றனர். பெயரை வெளியிட்டால் அடுத்த மாதச் சம்பளம் அவர்களுக்கு நிச்சயமில்லை. இவர்களுடைய கடிதமும் அந்தக் கயவனுடைய கடிதமும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. உறையைப் பார்த்து உள்ளேயிருப்பது மெய்யோ பொய்யோ என்று சொல்லிவிட முடியாது.

இக்காலத்தில் மொட்டைக் கடிதம் தபாலில் வருவதில்லை, இணையத்தில் வருகின்றது. ஒருவர் காலையில் எழுதியதை மாலைக்குள் ஓர் ஊரே வாசித்துவிடுகின்றது. அதனால் மானம் கெட்டதாகக் கருதுபவர் நீதிமன்றம் சென்று, “இதனை எழுதியவர் யாரென எனக்குக் கூறுமாறு கட்டளையிடுங்கள்” எனக் கேட்கின்றார். நீதிபதி உடனே கட்டளையிடலாமா? அன்றி, முதலில் வழக்காளியிடம் எதையேனும் கேட்க வேண்டுமா? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இந்த வினாவையே.

இலக்கத்தின் பின்னால் இருப்பவர்

இணையத்திலே புனைபெயரில் எழுதுபவர் தம்மை ஒருவரும் அறியார் என எண்ணுகின்றார். இஃது அரை உண்மையே. அவர் எழுதியது எந்த இணைப்பின் வழியாக வந்தது என்பதைக் காட்டும் ஓர் இலக்கம், அதனை வெளியிட்ட தளத்தின் பதிவேட்டிலே விழுகின்றது. அந்த நேரத்தில் அவ்விலக்கம் எந்தச் சந்தாதாரருக்கு வழங்கப்பட்டிருந்தது என்பதை இணைய வசதி வழங்கும் கம்பனி அறியும். முதலாவது பதிவேட்டையும் இரண்டாவது பதிவேட்டையும் ஒப்பு நோக்கினால் ஒரு பெயரும் ஒரு விலாசமும் கிடைத்துவிடும்.

ஆனால் அவ்விலக்கம் வீட்டைக் காட்டுமேயன்றி எழுதிய கையைக் காட்டாது. தந்தையும், மகளும், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவரும் ஒரே இணைப்பைப் பாவிக்கும் வீட்டில், சந்தாதாரராகிய தந்தையின் பெயரே முதலில் வழக்கில் விழும். குடும்பத் தலைவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பிறர் எழுதியதைத் தாங்கி நிற்கும் இணைய நிறுவனத்தை அவ்வெழுத்தின் பிரசுரகர்த்தாவாகக் கருத முடியாது. ஆகவே, அவதூறுக்கு உள்ளானவர் எழுதியவரையே தேடிச் செல்ல வேண்டியவராகின்றார். பெயர் தெரியாத அவரை அந்நாட்டு வழக்கப்படி ‘ஜோன் டோ’ என்ற கற்பனைப் பெயரால் எதிராளியாக்கி வழக்கிடுவர். பின்னர், அவருடைய உண்மைப் பெயரைத் தருமாறு நிறுவனத்துக்கு அழைப்பாணை அனுப்புவர்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. வழக்கைத் தாக்கல் செய்வதற்கு அதனை வெல்லும் தகுதி வேண்டுவதில்லை. ஒரு வழக்குரையும் அதற்கான கட்டணமும் போதும். தம்மைக் குறைகூறிய ஊழியர் யாரென அறிய விரும்பும் ஒரு முதலாளி, வழக்கிட்டுப் பெயரைப் பெற்று, அவரை வேலையினின்று நீக்கிவிட்டு, வழக்கையும் வாபஸ் பெற்றுக்கொள்ளலாம். எழுதப்பட்டது மெய்யா பொய்யா என்ற விசாரணை ஒரு நாளும் நடவாது. வழக்கிற் தோற்றவர் நட்டஈடு கொடுத்து மீளலாம். வென்றவர் செலவுத்தொகை பெறலாம். ஒருமுறை வெளிவந்த பெயரையோ எந்த நீதிபதியாலும் மீண்டும் மறைத்து வைக்க முடியாது.

அச்சகத்தாரின் சிறைவாசம்

இப்பிரச்சினை இணையத்தோடு பிறந்ததன்று. 1733ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ஜோன் பீற்றர் செங்கர் என்ற ஜேர்மானியக் குடியேற்றவாசி ஒரு வாரப் பத்திரிகையை அச்சிடத் தொடங்கினார். அப்போது நியூயோர்க் பிரித்தானியக் குடியேற்ற நாடு. வில்லியம் கொஸ்பி என்ற தேசாதிபதி, தமக்குப் பிடிக்காத தீர்ப்பைக் கூறிய பிரதம நீதியரசரையே பதவியினின்று அகற்றியிருந்தார். அவருடைய ஆட்சியைக் கண்டித்துப் பெயரில்லாக் கட்டுரைகள் அப்பத்திரிகையில் வாரந்தோறும் வெளிவந்தன. எழுதியவர்களைக் காட்டிக்கொடுப்போருக்கு 50 பவுண் வெகுமதி என்று தேசாதிபதி பிரகடனம் செய்தார். எவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

எழுதியவர் அகப்படாமையால், 1734 நவம்பரில் அச்சிட்டவரைப் பிடித்துச் சிறையிலிட்டனர். அவராற் கட்ட முடியாத பெருந்தொகை பிணையாகக் கேட்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அவர் சிறையிலிருந்தார். சிறைக் கதவின் துவாரத்தினூடாகக் கணவர் கூறிய யோசனைகளைக் கேட்டு, அவருடைய மனைவி அன்னா பத்திரிகையைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தார். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் செங்கர் வெளியே வந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

1735 ஆகஸ்ட் 4ஆந் திகதி வழக்கு விசாரணைக்கு வந்தது. பிலடெல்பியாவிலிருந்து வந்த அன்ட்றூ ஹமில்ற்றன் என்ற முதிய நியாயதுரந்தரர், கட்டுரைகளை அச்சிட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்டு, எழுதப்பட்டது பொய்யாக இருந்தாலன்றி அஃது அவதூறாகாது என வாதித்தார். அக்காலச் சட்டம் இவ்வாதத்தை ஏற்கவில்லை, ஜூரிமார் ஏற்றனர். செங்கர் விடுதலையானார். கட்டுரைகளின் பிரதான ஆசிரியர் ஜேம்ஸ் அலெக்சாந்தர் என்ற சட்டத்தரணி என்பதை இன்று சரித்திர மாணவர் யாவரும் அறிவர்.

நூறு டொலர் வழக்கு

அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 85 கட்டுரைகளும் ‘பப்ளியஸ்’ என்ற பெயரையே தாங்கி வந்தன. அப்பெயரின் பின்னால் அலெக்சாந்தர் ஹமில்ற்றன், ஜேம்ஸ் மடிசன், ஜோன் ஜே ஆகிய மூவர் இருந்தனர். இத்தகைய பாரம்பரியமுடைய நாட்டில், பெயரின்றி எழுதும் உரிமை நீதிமன்றத்துக்கு வந்தமை வியப்பன்று.

1960ஆம் ஆண்டு ரால்லி என்பவரின் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லா இனத்தவருக்கும் சமமான வேலைவாய்ப்பு அளிக்காத உற்பத்தியாளரின் பொருள்களை விற்கும் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு கோரும் துண்டுப்பிரசுரங்களை அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வழங்கினார். பிரசுரத்தில் பெயரும் விலாசமும் இருத்தல் வேண்டும் என்ற நகர விதியை மீறினாரென அவருக்கு 10 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவ்விதியையே செல்லாததாக்கியது.

அடுத்தது மார்கிரட் மக்கின்ரயர் என்ற அம்மையாரின் வழக்கு. 1988இல் ஒஹையோ மாநிலத்து வெஸ்ற்றர்வில் நகரில், பாடசாலைக்கான புதிய வரியை எதிர்த்து, ‘கவலைகொண்ட பெற்றோரும் வரியிறுப்பாளரும்’ என மாத்திரம் ஒப்பமிட்ட பிரசுரங்களை அவர் வழங்கினார். வரிப்பிரேரணை இருமுறை தோற்று, மூன்றாம் முறை நிறைவேறியது. அதன் பின்னரும் ஐந்து மாதங்கள் கழித்து, ஒரு பாடசாலை அதிகாரியின் முறைப்பாட்டின் பேரில் அவருக்கு 100 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அம்மையார் காலமானார். கணவர் அதனைக் கைவிடவில்லை. 1995இல் உயர் நீதிமன்றம், பெயரின்றிப் பேசுதல் பெரும்பான்மையின் கொடுமையினின்று காக்கும் கேடயம் என்ற கருத்துப்பட, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால் அம்மையாரின் பக்கமே தீர்ப்பளித்தது.

எனினும், இவ்விரு வழக்குகளிலும் எவருடைய மானமும் கெட்டதாக முறைப்பாடு இல்லை. ஒருவர் எழுந்து, “என்னைப் பற்றிப் பொய் எழுதியிருக்கின்றார்கள்” என்று கூறும்போது தராசின் மறுதட்டிலும் பாரம் ஏறுகின்றது. அதனை நிறுக்கும் முறை இதன் பின்னரே வகுக்கப்பட்டது.

ஐந்து படிகள்

நியூ ஜேர்சி மாநிலத்தில் டென்றைற் என்ற மென்பொருட் கம்பனி இருந்தது. யாகூ தளத்தில், அக்கம்பனி வருமானக் கணக்கை எழுதும் முறையை மாற்றிக்கொண்டது என்றும், அதன் தலைவர் கம்பனியை விற்க முயன்றும் வாங்குவார் இல்லை என்றும் புனைபெயர்காரர் ஒருவர் எழுதினார். அவரது பெயரைக் கோரிக் கம்பனி வழக்கிட்டது. 2001 ஜூலையில் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பெயரை வெளிப்படுத்துமுன் ஏறவேண்டிய ஐந்து படிகளை அமைத்தது.

முதலாவதாக, எழுதியவருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் விலாசம் தெரியாதாகையால், அவர் எழுதிய இடத்திலேயே அவ்வறிவித்தலையும் இடவேண்டும். அவர் எதிர்வாதம் செய்யக் கால அவகாசமும் அளிக்க வேண்டும். இரண்டாவதாக, எந்தச் சொற்கள் அவதூறானவை என வழக்காளி அச்சொற்களையே எடுத்துக்காட்ட வேண்டும். மூன்றாவதாக, அச்சொற்கள் சட்டத்தின் முன் வழக்காக நிற்கத்தக்கவை என மேற்பார்வையில் தோன்றுதல் வேண்டும். நான்காவதாக, வழக்கின் ஒவ்வோர் அங்கத்துக்கும் சான்று காட்டப்படல் வேண்டும். இவை யாவும் நிறைவேறிய பின், எழுதியவரின் உரிமையை ஒரு தட்டிலும், வழக்கின் வலிமையையும் பெயரை அறியவேண்டிய அவசியத்தையும் மறுதட்டிலும் இட்டு நீதிபதி நிறுக்க வேண்டும்.

டென்றைற் கம்பனி நான்காம் படியிலே சறுக்கியது. அவ்வெழுத்தால் தனக்கு நட்டம் நேர்ந்தது என்பதை அதனாற் காட்ட இயலவில்லை. ஆகவே எழுதியவரின் பெயர் வெளிவரவில்லை. 2009இல் மேரிலாந்து மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றமும் இவ்வைந்து படிகளைத் தழுவியே தன் விதியை அமைத்தது.

ஒரு சிற்றூரின் சச்சரவு

டெலவெயர் மாநிலத்தில் ஸ்மேர்னா என்றொரு சிறுபட்டினம் உண்டு. 2004இல் அதன் நகரசபை அங்கத்தவர் ஒருவரைப் பற்றி, ‘பெருமைமிகு குடிமகன்’ எனப் பொருள்படும் புனைபெயரில் ஒருவர் இணையத்தில் எழுதினார். மேயரைப் புகழ்ந்தும், அங்கத்தவரின் தலைமைக் குணத்தைப் பழித்தும், அவருடைய மனவலு குன்றி வருகின்றதென இகழ்ந்தும் அவ்வெழுத்து அமைந்திருந்தது. ஓரிடத்தில் அங்கத்தவரின் பெயரின் முதலெழுத்து மாறி விழுந்திருந்தது. அதிலும் ஒரு கேவலமான உட்பொருள் உண்டென அங்கத்தவரும் மனைவியும் முறையிட்டனர்.

கீழ் நீதிமன்றம், வழக்காளி நல்லெண்ணத்துடன் வந்தாற் போதும் என்று கூறிப் பெயரை வெளியிட அனுமதித்தது. 2005 ஒக்ரோபர் 5ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. வழக்கை வெல்வதிலும் பார்க்க எழுதியவரின் முகத்தைக் காண்பதே இத்தகைய வழக்காளிகள் பலரின் நோக்கமாயிருக்கலாம் என நீதியரசர்கள் கருதினர். ஆதலின், தம்மால் இயன்ற அளவு சான்றை வழக்காளி முதலிலேயே முன்வைக்க வேண்டும் என்றனர். அதே வேளையில் அவர்கள் நியாயத்தையும் மறக்கவில்லை. எழுதியவர் மனமறிந்து பொய் சொன்னார் என்பதை, அவர் யாரெனத் தெரியாதபோது எவராலும் காட்ட இயலாது. ஆகையால் அதனை மாத்திரம் அந்நிலையில் கேட்க வேண்டியதில்லை என விலக்களித்தனர்.

எழுத்து மாறியது தட்டச்சுப் பிழையாகவே இருக்கலாம் என்றும், எஞ்சியவை வாசிப்போர் எவரும் அபிப்பிராயமெனவே கொள்ளத்தக்கவை என்றும், அதே இடத்தில் உடனே பதில் எழுதும் வசதி அங்கத்தவருக்கு இருந்தது என்றும் நீதிமன்றம் கூறியது. வழக்கு அத்துடன் தள்ளப்பட்டது.

மறுதட்டின் பாரம்

இவற்றை வாசிக்கும் அன்பர் சிலர், “அப்படியாயின் அவதூறு செய்பவனுக்குக் கொண்டாட்டமன்றோ?” எனக் கேட்கக் கூடும். இல்லை என்பதற்கு யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவியர் இருவரின் வழக்கு சான்றாகும். அவ்விருவரைப் பற்றியும் சட்ட மாணவர் கூடும் ஓர் இணையக் களத்தில், வாயாற் கூறத்தகாத இழிசொற்களும் பொய்களும் புனைபெயர்களில் எழுதப்பட்டன. தொழில் தேடும் காலத்தில், அவர்கள் பெயரைத் தேடுவோர் கண்ணில் இவையே படக்கூடியனவாக இருந்தன. 2007இல் இருவரும் வழக்கிட்டனர். எழுதியவர்களுள் ஒருவர், தம் பெயரை வெளியிடலாகாது என நீதிமன்றத்தை வேண்டினார். கனெற்றிகட் மாவட்டச் சமஷ்டி நீதிமன்றம், நாம் மேலே கூறிய வகையிலான படிகளையே வைத்துச் சோதித்தது. மாணவியின் வழக்கு ஒவ்வொரு படியிலும் உறுதியாய் நின்றது. 2008இல் அவ்வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வழக்கிட்ட மாணவியரும் தம் பெயரை வெளியிடாது, ‘முதலாம் டோ’, ‘இரண்டாம் டோ’ என்றே நீதிமன்றத்திற் தோன்றினர். பெயர் மறைப்பு குற்றவாளிக்கு மாத்திரம் உரிய கவசமன்று. காயம்பட்டவருக்கும் அது வேண்டியிருந்தது.

இங்கிலாந்து வேறொரு வழியிற் சென்றது. ஓர் இரசாயனப் பொருளின் காப்புரிமை பற்றிய வழக்கில், 1973இல் பிரபுக்கள் சபை ஒரு விதியை வகுத்தது. பிறருடைய தவறில் தான் அறியாமலே சம்பந்தப்பட்ட மூன்றாம் தரப்பினர், தவறு செய்தவரின் பெயரைத் தருமாறு பணிக்கப்படலாம் என்பது அவ்விதி. இணையத்துக்கும் பின்னர் அதுவே பயன்பட்டது. 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, முறைப்பாடு கிடைத்து 48 மணித்தியாலங்களுக்குள் தளத்தை நடத்துபவர் அதனை எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும். எழுத்தை நீக்க அவர் மறுத்தால், தம் பெயரையும் விலாசத்தையும் தளத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் சம்மதியாவிடில் அவ்விவரங்கள் முறைப்பாட்டாளரிடம் கையளிக்கப்படா. அவர் நீதிமன்றக் கட்டளை பெற்றே அவற்றை அறிய வேண்டும்.

எமது நாட்டில் அவதூறு குற்றவியற் சட்டத்தினின்று 2002இல் நீக்கப்பட்டது. மானநஷ்டத்துக்குக் குடியியல் வழக்கிடும் உரிமை உண்டு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி எழுந்த வாதப்பிரதிவாதங்களையும் வாசகர்கள் அறிவர். அவ்விவாதத்தில் ஈடுபடும் மாணவர்களுக்கு மேற்கண்ட வழக்குகள் பயன்படும் என நம்புகின்றோம்.

மடியிற் கனம்

“மடியிற் கனமில்லையேல் வழியிற் பயமேன்?” என்பது முதுமொழி. உண்மையை எழுதுபவன் தன் பெயரை ஏன் மறைக்க வேண்டும் என இதனைக் காட்டிக் கேட்போர் பலர். வழிப்பறிக்காரன் உள்ள வழியிலே மடியிற் கனமுள்ளவனே அஞ்சுகின்றான் என்பது இம்முதுமொழியின் பொருள். அந்தக் கனம் களவெடுத்த பொருளாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. உழைத்துச் சேர்த்த கூலியும் கனந்தான். உண்மையை அறிந்தவனுடைய மடியிலும் கனமுண்டு. அவன் தொழில், அவன் குடும்பம், அவன் பிள்ளைகளின் படிப்பு யாவும் அதிலே முடியப்பட்டிருக்கின்றன.

ஆகையால், பெயரை ஒருபோதும் வெளியிடலாகாது என்பாரோடும், கேட்டவுடன் வெளியிட வேண்டும் என்பாரோடும் நாம் உடன்பட இயலாது. முதலாமவர் சொற்படி நடந்தால், அந்த மாணவியருக்கு நீதி கிடைத்திராது. இரண்டாமவர் சொற்படி நடந்தால், பணமும் பதவியும் படைத்தவர் ஒரு வழக்குரையின் விலைக்கு எவருடைய பெயரையும் வாங்கிவிடுவர். முதலில் சான்று, பின்னர் பெயர் என்ற ஒழுங்கே எமக்கு நேரியதாகத் தோன்றுகின்றது. மெய்யாகவே அவதூறுக்கு உள்ளானவருக்கு இது பெருஞ்சுமையன்று. தம்மைப் பற்றி எழுதப்பட்டது பொய் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவரும், அதனைக் காட்ட வல்லவரும் வேறெவர்?

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இவருடைய நிர்வாகம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது அபிப்பிராயம். ‘இவர் பணத்தைத் திருடினார்’ என்பது செய்தி. முன்னதை எழுதத் துணிவு போதும். பின்னதை எழுதச் சான்று வேண்டும். சட்டம் தரும் திரை முன்னதைக் காக்கும். சான்றில்லாத பின்னதை அது காக்கும் என எண்ணுதல் மடமை. அவதூறுக்கு உள்ளானவர்களும் ஆத்திரத்தில் பதிலுக்குப் பதில் எழுதாது, எழுதப்பட்டதைத் திகதியுடன் பிரதி செய்து வைத்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுதல் நலம். தளங்களின் பதிவேடுகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

பெயரிடாது எழுத நேரும் எவரும், எழுதி முடித்ததும் ஒருமுறை அதனடியில் தம் பெயரை மனத்தளவில் இட்டு வாசித்துப் பார்ப்பாராக. அச்சத்தினால் மாத்திரம் அப்பெயரை அழிக்க வேண்டியிருந்தால் எழுதியதை அனுப்பலாம். வெட்கத்தினால் அழிக்க வேண்டியிருந்தால் எழுதியதையே கிழித்துவிடல் வேண்டும்.